"போதும் சிஸ்டர், இனி கீமோ வேண்டாம்": கீமோ வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு ஒரு வழிகாட்டி

கீமோ வார்டில் புதிதாகப் போஸ்டிங் வாங்கி வரும் பிள்ளைகளுக்கு மருந்து கலக்கவும், கேனுலா போடவும், நரம்புக்கு வெளியே மருந்து கசிந்தால் என்ன செய்யணும் என்றும் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. கீமோவின் நாலாவது சைக்கிளுக்கு, அதாவது நாலாவது சுற்றுக்கு, வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் "போதும் சிஸ்டர், இனி வேண்டாம்" என்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பாளையங்கோட்டையில் வேலை பார்த்த காலத்தில் நோயாளிகளிடமும் ஒவ்வொரு கவுன்டரிலும் கேட்டுக் கேட்டுத்தான் நான் இதைத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து நோயாளிகளை மனதில் வைத்துத்தான் எல்லாம் எழுதியிருக்கிறேன்.

தொடர்வதா நிறுத்துவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளி. எது மருத்துவரீதியாகச் சரி என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். விஷயம் தெரியாமலோ, காய்ச்சல் மயக்கத்திலோ, பஸ் காசு இல்லாமலோ அந்த முடிவு எடுக்கப்படாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

1. வாய் திறக்கும் முன் கேஸ் ஷீட்டைப் படியுங்கள்

நாலு விஷயம் பாருங்கள். என்ன புற்றுநோய், எந்த நிலை? கீமோ எதற்காக, குணப்படுத்தவா, கட்டுப்படுத்தி வைக்கவா? மொத்தம் எத்தனை சைக்கிள், இது எத்தனையாவது? கடைசி ஸ்கேன் எப்போது எடுத்தது, அதில் என்ன சொல்லியிருக்கிறது?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். சில வகை லிம்போமாவுக்கு (நிணநீர்ப் புற்றுநோய்) 21 நாளுக்கு ஒரு முறை என்று ஆறு சைக்கிள் ஆர்-சாப் (R-CHOP) என்ற மருந்துக் கூட்டு கொடுப்பது குணப்படுத்துவதற்காக. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் கீமோவும், நோய் திரும்ப வராமல் தடுத்துக் குணப்படுத்தும் நோக்கத்தில் கொடுப்பதுதான். அங்கே பாதியில் நின்றால் குணமாகும் வாய்ப்பே கைநழுவலாம். அவர் தொடர முடியாதபடி என்ன தடுக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதில்தான் நம் முழு முயற்சியும் இருக்கணும். கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவிய பிறகு கொடுக்கும் கீமோ பெரும்பாலும் நாளைக் கூட்டவும் வலியைக் குறைக்கவும்தான். அங்கே பேச்சு வேறு மாதிரி போகும்.

நோக்கம் என்ன என்று ஷீட்டில் எழுதியில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு எழுத வையுங்கள். நோயாளிக்குத் தெரிந்திருக்கும் என்று நீங்களாக நினைக்க வேண்டாம். 2012-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், பரவிய நிலையில் கீமோ எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 சதவீதம் பேரும், பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 சதவீதம் பேரும் இந்தக் கீமோவால் குணமாக வாய்ப்பே இல்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல் இருந்தார்கள். விவரம் சொல்லும் வழக்கம் அதிகமுள்ள நாட்டிலேயே அப்படி.

2. அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

காய்ச்சல், ஆக்சிஜன், சர்க்கரை, பிபி நாலையும் பாருங்கள். இரவு தூங்கினாரா, பேச்சு தெளிவாக இருக்கிறதா, நாள் கிழமை தெரிகிறதா என்று கவனியுங்கள். சோடியம் குறைந்து குழம்பியிருப்பவரோ, வலியில் துடிப்பவரோ "எதுவும் வேண்டாம்" என்றால், முதலில் அதற்கு வைத்தியம், அப்புறம்தான் பேச்சு.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது தனி அவசரம். ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். "வேண்டாம்னு சொல்லிட்டாரே" என்று ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். கீமோவை மறுத்தவர் ஆன்டிபயாடிக்கையும் மறுத்ததாக ஆகாது.

3. காரணத்தைத் தோண்டுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்பதோடு முடிந்துவிடும். "ஏன் வேண்டாம்?" என்று கேட்டால் திட்டுவது போலப் படும். "போன ஊசிக்கு அப்புறம் வீட்ல எப்படிக்கா இருந்துது? முதல் நாள்ல இருந்து சொல்லுங்க" என்று கேளுங்கள்.

ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, பீடி சுற்றுகிறவர். வாராவாரம் பேக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்து போய்க்கொண்டிருந்தது. "வேண்டாம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வீட்டுக்காரர் கோபப்படுகிறார், மகள் அழுகிறாள். கையைக் காட்டச் சொன்னேன். அவர் கையைக் காட்டாமல், மடியில் சொளவு (முறம்) இருப்பது மாதிரி வைத்துக்கொண்டு, வெறும் விரலால் இலையைச் சுருட்டி நூல் கட்டிக் காட்டினார். நூல் கட்டும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. "நூல் இருக்கா இல்லையான்னே தெரியலை சிஸ்டர். இலை வெட்டுதேன், கத்தரி எங்க போகுதுன்னு தெரியலை." விரல் நுனி மரத்துப்போயிருந்தது. அது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. டோஸைக் குறைக்கலாம், கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். அவர் வேண்டாம் என்றது கீமோவை இல்லை, விரல் போவதைத்தான். டாக்டரிடம் சொன்னோம், மருந்து மாறியது, சிகிச்சையை முடித்தார்.

இதுபோல ஒவ்வொருவரின் "வேண்டாம்"-க்கு அடியிலும் ஒன்று இருக்கும். நம் பக்கம் நான் அடிக்கடி பார்த்தவை:

வாய்ப்புண். பழைய சோறுகூட இறங்காது. உறைப்பு, புளிப்பு எல்லாம் எரியும். சொல்ல மாட்டார்கள், "சாப்பிடப் பிடிக்கலை" என்பார்கள். டார்ச் அடித்து வாயைப் பாருங்கள்.

வாந்தி. டிஸ்சார்ஜில் கொடுத்த வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகுதான் போடணும் என்று நினைத்து வைத்திருப்பார்கள். எழுதியபடி நேரத்துக்குப் போடச் சொன்னாலே பாதி சரியாகும்.

அலைச்சல். களக்காட்டிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறி வருகிறார்கள். இங்கே ரத்தப் பரிசோதனையில் அணுக்கள் குறைவு என்று திருப்பி அனுப்பினால் ஒரு நாள் கூலி இரண்டு பேருக்குப் போச்சு. ரத்தத்தை முந்தின நாளே பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டு போன் செய்துவிட்டு வரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஊர்க்காரியம். கோவில் கொடை, மகள் கல்யாணம், பிசான அறுப்பு. இதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்து மொத்தமாகவே வேண்டாம் என்பார்கள். ஒரு வாரம் தள்ளலாமா என்பது டாக்டரிடம் கேட்கக்கூடிய கேள்விதான்.

நாட்டு மருந்து. திட்டாதீர்கள். என்ன கஷாயம், யார் கொடுத்தது, எத்தனை நாளாக என்று கேட்டு எழுதுங்கள். கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்டோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், மனச்சோர்வு. "யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்" என்ற வார்த்தை வந்தால் தூக்கம், சாப்பாடு, சாகணும் போல இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றே மனநல டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள்.

இவை எல்லாம் கேட்ட பிறகும், "எல்லாம் தெரியும் தாயி. ஆறு மாசமா ஆஸ்பத்திரியிலயே கிடக்கேன். மிச்சமிருக்கிற நாள் வீட்டுத் திண்ணையில இருக்கணும்" என்று ஓர் ஆச்சி சொன்னால், அது முடிவு. அதற்கு மரியாதை கொடுங்கள்.

4. பணம்தான் காரணமா? இந்தக் காகிதங்களைச் சரிபாருங்கள்

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம் என்றாலும் சாப்பாடு, பஸ், வெளியே எடுக்கச் சொன்ன ஸ்கேன், கூட வருகிறவரின் கூலி என்று போய்க்கொண்டே இருக்கும். இவற்றை வரிசையாகக் கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்களுக்குப் பதிவு கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில். சந்தேகம் கேட்க இலவச எண் 1800 425 3993. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ரேஷன் கார்டு: அதில் நோயாளியின் பெயர் இருக்காது. மகன் கல்யாணமாகித் தனிக் கார்டு வாங்கும்போது அம்மா பெயர் இரண்டிலும் இல்லாமல் போயிருக்கும். முதல் சைக்கிளிலேயே பார்த்துவிடுங்கள். இன்னொன்று, முன் அனுமதி ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனியாக வாங்குவது. ஒரு சைக்கிள் தள்ளிப்போனால் கார்டு செல்லாமல் போய்விடும் என்று பயந்து, முடியாத உடம்போடு வருகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை என்று சொல்லுங்கள்.

பீடித் தொழிலாளி என்றால் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். நல நிதியிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி உண்டு. அசல் பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பத்திரமாக இருக்கணும்.

மில், கம்பெனி ஆள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு). புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் வரை இரண்டு வருடம் கிடைக்கும்.

சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் வருகிறவர்களுக்கு ரயில் சலுகை: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, கூடப்போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி சீலும் போட்ட படிவத்தை முன்பதிவு கவுன்டரில் கொடுக்கணும். சீல் தெளிவாக விழவில்லை என்றால் திருப்பிவிடுவார்கள்.

இந்தக் காகிதங்கள் சேர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால் அடுத்த சைக்கிள் தேதிக்கு முன்பே ஆரம்பியுங்கள்.

5. "அவருக்குச் சொல்லிராதிய" என்று குடும்பம் சொன்னால்

நம் ஊரில் இது வராத குடும்பம் குறைவு. "அப்பாகிட்ட கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம் சிஸ்டர். கேன்சர்னு தெரிஞ்சா அவிய தாங்க மாட்டாவ." பாசத்தில் சொல்கிறார்கள், சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் என்ன நோய் என்றே தெரியாதவர் கீமோ வேண்டுமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வார்?

மகனைத் தனியாகக் கூப்பிட்டு நான் சொல்வது இதுதான்: "நானா முந்திப் போய் எதையும் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா அவரே கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன். எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவர்கிட்டயே கேட்போம்." பிறகு நோயாளியிடம்: "உடம்பைப் பத்தின விவரமெல்லாம் உங்ககிட்டயே சொல்லணுமா, இல்ல மகன்கிட்ட சொன்னா போதுமா அண்ணாச்சி?" இரண்டு பதிலும் சரியான பதில்தான். "அவன்கிட்ட பேசிக்கோங்க" என்றால் அதைத் தேதி போட்டு எழுதுங்கள். பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே தெரிந்துதான் இருக்கும். நோயின் பெயரையும் ஸ்கேன் முடிவையும் முதன்முதலாகச் சொல்வது டாக்டர் வேலை. நாம் பக்கத்தில் இருப்போம், டாக்டர் போன பிறகு புரியாததை விளக்குவோம்.

6. டாக்டரோடு உட்காரும் நேரத்தைக் குறித்து வாங்குங்கள்

கேனுலா போட்டு, மருந்து கலக்கி, வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது இந்தப் பேச்சு நடக்காது. அன்றைக்கு நோயாளி "சரி, போடுங்க" என்றுதான் சொல்வார். ஸ்கேன் ரிப்போர்ட் வந்த பிறகு, அடுத்த சைக்கிளுக்கு முன்னால், ஓபி கூட்டம் குறைந்த மதியத்தில் ஒரு நேரம் கேளுங்கள். வீட்டில் முடிவெடுக்கிற ஆள் யாரோ, அவரை வரச் சொல்லுங்கள். துபாயில் இருக்கும் மகன் என்றால் போனில் வரட்டும். வராமல் போனால் அடுத்த வாரம் அவரே மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

கேள்விகளை ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொடுங்கள், டாக்டர் முன்னால் எல்லாருக்கும் மறந்துபோகும்:

இந்த மருந்தால் குணமாகுமா, கட்டுப்படுமா?
தொடர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன கஷ்டம் வரும்?
நிறுத்தினால் என்ன ஆகும், வலிக்கு என்ன செய்வீர்கள்?
டோஸ் குறைக்கவோ, மாத்திரையாக மாற்றவோ, இரண்டு மாதம் இடைவெளி விடவோ முடியுமா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதனாலேயே பலர் முழுதாகத் தொடர்வது, முழுதாக விடுவது என்ற இரண்டில் ஒன்றில் போய் விழுகிறார்கள்.

நீங்கள் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியது அவர் வீட்டில் எப்படி நடமாடுகிறார் என்ற விவரம். ஓபியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர், வீட்டில் பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுத்தே கிடக்கலாம். அப்படியென்றால், நோயாளி எவ்வளவு நடமாடுகிறார் என்பதை எண்ணால் குறிக்கும் ஈகாக் (ECOG) அளவில் அது 3. முழுக்கப் படுக்கை என்றால் 4. கட்டியாக வரும் புற்றுநோய்கள் பெரும்பாலானவற்றில் அந்த நிலையில் கீமோவால் நன்மை குறைவு, தொந்தரவு அதிகம். லிம்போமா, சிறுசெல் நுரையீரல் புற்றுநோய், விந்தகப் புற்றுநோய் போன்றவை இதற்கு விலக்கு. அவற்றில் மிக நலிந்தவர்கூட எழுந்து நடப்பதுண்டு. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து நாமாக எதையும் சொல்லக் கூடாது.

7. தொடர்கிறார் என்றால்

ஒத்துக்கொண்ட மாற்றம், டோஸோ தேதியோ, ஷீட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஸ்கேனுக்குப் பிறகு மறுபடி பேசுவோம் என்று தேதி வையுங்கள். காய்ச்சல் வந்தால் கூப்பிட வேண்டிய எண்ணை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

8. நிறுத்துகிறார் என்றால்: காகிதத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் கஷ்டப்படுகிறார்கள். எல்லாம் தெரிந்து நிதானமாக முடிவெடுத்தவரை "டாக்டர் அறிவுரைக்கு மாறாகச் சென்றார்" என்றோ "சொல்லாமல் போய்விட்டார்" என்றோ எழுதி ஃபைலை மூடுவதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு வலியோடு திரும்பி வரும்போது "நீங்கதானே வேண்டாம்னு போனீங்க" என்ற பேச்சு. கலந்து பேசி எடுத்த முடிவு என்றும், இனி வலி நிவாரண ஆதரவு சிகிச்சை தொடரும் என்றும் டாக்டர் எழுதணும். எழுதும்வரை கேளுங்கள்.

"இனிமே செய்ய ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. கீமோதான் நிற்கிறது. வலிக்கு, மூச்சுத்திணறலுக்கு, புண்ணுக்கு, தூக்கத்துக்கு எல்லாம் வைத்தியம் உண்டு. ஆதரவு சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டதாக நினைக்கும் குடும்பத்திடம் ஒன்றைச் சொல்லலாம்: பரவிய நுரையீரல் புற்றுநோயில் ஆரம்பத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்துக் கொடுத்த 2010 ஆய்வில், அவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் அதற்கு மேல் வாழ்ந்தார்கள் என்று அர்த்தம்) 11.6 மாதம், சேர்த்துக் கொடுக்காதவர்களுக்கு 8.9 மாதம்.

வீட்டுக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை:

டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், கடைசி ஸ்கேன். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ்.

மார்ஃபின். இது தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது, அனுமதி பெற்ற மருத்துவமனையில்தான் வாங்கணும். எத்தனை நாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், தீரும் முன் யார் வந்து வாங்குவது, என்ன காகிதம் கொண்டுவரணும் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். சாதா மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று நேரம் பார்த்துப் போடுவது, வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கூடவே மலமிளக்கி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மயக்கம் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது.

பிக் லைன், கீமோ போர்ட் (மருந்து ஏற்ற, கை நரம்பு வழியாகவோ மார்புத் தோலுக்கு அடியிலோ வைத்திருக்கும் குழாய்). பிக் லைனைக் கையிலேயே விட்டு அனுப்பிவிட்டால் வாராவாரம் ஃப்ளஷ் செய்ய (குழாயைக் கழுவிவிட) ஆள் இருக்காது, சீழ் பிடிக்கலாம். எடுப்பதா, வைத்துப் பராமரிப்பதா என்று போகும் முன் முடிவு வேண்டும்.

வீட்டுக்கு வரும் நர்ஸ். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தரும் நர்ஸ் உண்டு. நோயாளியின் ஊர் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருகிறது என்று கேட்டு, நீங்களே போன் செய்து பெயரைக் கொடுங்கள். "போய்ச் சொல்லுங்க" என்று விட்டால் பெரும்பாலும் போக மாட்டார்கள்.

கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருப்பவர்களுக்கு முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் எழுத வழி இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதணும்.

வீட்டிலேயே இறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்யணும் என்பதையும், அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி உதவும் என்பதையும் குடும்பத்தில் ஒருவரிடம், நோயாளி இல்லாத இடத்தில், சொல்லி வையுங்கள்.

9. உங்கள் நோட்ஸ்

நோயாளி சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். யார் உடன் இருந்தார்கள், டாக்டர் என்ன விளக்கினார், எப்போது மறுபடி பேசுவோம் என்று தேதி, நேரம், கையெழுத்து. ஷிப்ட் மாறும்போது வாயாலும் சொல்லுங்கள். இல்லையென்றால் ராத்திரி ட்யூட்டியில் வருகிறவர் "ஏன் ஊசி வேண்டாம்னு சொன்னீங்க?" என்று அதே ஆச்சியிடம் முதலிலிருந்து கேட்பார்.

10. ஒரு வாரம் கழித்து ஒரு போன்

முடிவை மாற்றிக்கொள்ள அவருக்கு எப்போதும் உரிமை உண்டு, அதைப் போகும்போதே சொல்லுங்கள். வாரம் கழித்துப் பேசும்போது வலி, தூக்கம், மலம், சாப்பாடு, மார்ஃபின் எத்தனை மாத்திரை மிச்சம் என்று ஐந்தும் கேளுங்கள். அப்புறம் போனைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கொடுக்கச் சொல்லி, அவர் தூங்கினாரா என்றும் கேளுங்கள். மாற்றிக்கொண்டு கீமோவுக்குத் திரும்ப வருகிறவரை எந்தக் கேள்வியும் கேட்காமல் உட்கார வையுங்கள். அன்றைக்கு எடுக்க வேண்டியது ரத்தமும் எடையும்தான்.